இரைச்சல் இல்லாத பெட்டி

அயன் ரிவர், மிச்சிகன்
செப்டம்பர் 7, 1975

தங்கச்சி சைமாவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அண்ணி லெம்பி எனக்கு முந்திக்கொண்டு உனக்கு எழுதிவிடுவாள்.

கூடப்பிறந்தவள் ஹை-ஃபை கடையில் ட்யூனர் சரிபார்க்கிறவளாக இருக்கும்போது, நான் தபாலில் விற்கிறவனிடம் ரேடியோ பிடிக்கிற ட்யூனர் ஒன்றை வாங்கிவிட்டேன். அது போதாதென்று, உள்ளே சுருட்டி வைத்திருந்த தட்டையான பழுப்பு வயரை, பெட்டியைக் கட்டி வந்த கயிறு என்று நினைத்து லெம்பியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கீழறையில் கட்டி என் சாக்ஸைக் காயப்போட்டாள். நடுவிலிருந்து ஒரு வால் வேறு தொங்கியது. அதில் ஒன்னியின் கையுறை. நான் மேலே உட்கார்ந்து திருகு திருகென்று திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்னிதான் விளக்கத்தாளை எடுத்துப் படித்தான்.

"மச்சான், உன் ஏரியல் கீழே சாக்ஸைப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அதுல என்ன பாட்டு வருதுன்னு போய்க் கேளு."

பெண்டாட்டியின் தம்பியை மாடியில் குடிவைத்துச் சோறும் போட்டால் இப்படித்தான் பேசுவான்.

இப்போது வயரை மாட்டிவிட்டேன். தெற்கே விஸ்கான்சின் மலையுச்சி நிலையம் வருகிறது, போகிறது. ஆனால் வயலின் வாசிக்கிறவன் மெத்தைக்கு அடியில் படுத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. பழைய ரேடியோவும் போன வருடத்திலிருந்து இப்படித்தான் ஆனது. அதனால்தான் புதிதே வாங்கினேன்.

என் வேலை உனக்குத் தெரியுமே. சுரங்கத்துக்கு மேலே கூண்டு மோட்டாரில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஒரு மணி சொன்னபடி ஆடுகிறவன். குழிக்குள்ளிருந்து ஒன்று அடித்தால் ஓடுகிற கூண்டை நிறுத்து, நிற்கிற கூண்டைத் தூக்கு, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான், பார்த்து. இத்தனை காலம் இதுதான் என் சங்கீதம். சாயங்காலம் வேறு ஏதாவது கேட்க ஆசைப்படுவது தப்பா? நல்ல ட்யூனரும் ஏரியலும் நீயே பார்த்து அனுப்பு.

முழங்கால் வலி பழகிவிட்டது. முதுகு பரவாயில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணன்
வைனோ


மினியாபொலிஸ்
செப்டம்பர் 19, 1975

அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். சாப்பாடு ஒழுங்காகத்தான் நடக்கிறது, கவலைப்படாதே. உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, ஒரு மணி நேரம் யாரும் வேலை பார்க்கவில்லை.

இனி வேலைப் பேச்சு. வருகிறவர்கள் எல்லோரும் ட்யூனரின் பளபளப்பைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஏரியலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏரியல்தான் காது. அதில் விழாததை எவ்வளவு நல்ல ட்யூனராலும் கொண்டுவர முடியாது. உன் வீடு இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. எஃப்.எம். அலை நேராகப் போகிற ஜாதி. வளைந்து குனிந்து உன் வாசலுக்குள் வராது. அதனால் கூரைமேல் உயரமான கம்பத்தில் பல கம்பிகள் உள்ள நீள ஏரியல் போட வேண்டும். அதையும், மெல்லிய அலையையும் பிடித்து நிறுத்துகிற ட்யூனர் ஒன்றையும் அனுப்புகிறேன். ட்யூனரை என் மேஜையில் வைத்து நானே திருத்தினேன்.

ஒன்று நினைவில் வை. அலை மெலிந்திருந்தால் ஸ்டீரியோவில் உஸ்ஸென்று இரைச்சல் வரும். முன்னால் மோனோ பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அடங்கிவிடும்.

மேல்சுருதி மங்குகிறது என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ட்யூனர், பிறகு ஏரியல், வயர், ஸ்பீக்கர். எல்லாம் சரியென்றால், கடைசியாகக் கேட்கிறவரின் காது. அந்தக் கடைசியை இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீ வாடிக்கையாளர் இல்லை, அதனால் கேட்கிறேன். முழங்காலைப் பற்றி எழுதினாய், முதுகைப் பற்றி எழுதினாய். காது எப்படி? ஒன்னியும் மற்றவர்களும் அந்த மணியை நம்பித்தானே கூண்டில் ஏறுகிறார்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

சைமா


அயன் ரிவர்
அக்டோபர் 12, 1975

சைமா மேஸ்திரிக்கு,

பெட்டிகள் பத்திரமாக வந்தன. நாங்களும் பத்திரமாக இருக்கிறோம், கூரையில் ஏறி இறங்கிய பிறகும்.

ஏரியலைப் பார்த்ததும் லெம்பி, "இது என்ன, திமிங்கலத்தோட முள்ளா? பாதிரியார் வீட்டுக்காரம்மா பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்னியைக் கம்பத்தைப் பிடிக்கச் சொல்லி நான் திருகினேன்.

"மச்சான், எந்தப் பக்கம் மூஞ்சி, எந்தப் பக்கம் முதுகு?"

"நீளக் கம்பி தெக்கே பாக்கட்டும்டா. நீளக் கைதானே தூரமா எட்டும்?"

"உன் மூளைக்கு நீ சுரங்கத்துல கெடந்து வீணாப் போற."

எவ்வளவு மரியாதை பார்த்தாயா! நீளக் கம்பி விஸ்கான்சினைப் பார்க்க, குட்டைக் கம்பி எங்கள் குழியைப் பார்க்க, ஜம்மென்று நிற்கிறது.

தங்கச்சி, உன் ட்யூனர் அபாரம். இரைச்சல் என்று எழுதியிருந்தாயே, அது எங்கள் ஊருக்கு வரவில்லை. ஸ்டீரியோ விளக்கு எரிகிறது, பின்னணியில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கிடையாது. சர்ச்சில் ஜெபத்துக்கு முன்னால் இருக்கிற அமைதி. வயலின்காரன்தான் இன்னும் மெத்தையை விட்டு வெளியே வரவில்லை. கோளாறு ஸ்பீக்கரில் என்று நினைக்கிறேன். எது நல்லது என்று எழுது.

வேறு விசேஷமில்லை. ஒன்னி போன வாரம் பூட்ஸைக் குழிக்குள் போட்டுவிட்டு ஒற்றைக் கால் பூட்ஸோடு வீடு வந்தான். பனி வேறு பெய்திருந்தது, பார்க்க வேண்டுமே அந்த நடையை! முழங்கால் இப்போது தேவலை. உன் இருமல் விட்டதா?

வைனோ


மினியாபொலிஸ்
அக்டோபர் 24, 1975

அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் மூவரின் சுகத்தையும் எழுது. மூவருடையதையும், முழுதாக.

ஏரியல் பின்பக்கமாக நிற்கிறது. குட்டைக் கம்பிதான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தவறை எல்லோரும் செய்கிறார்கள், அதற்காக வெட்கப்படாதே.

ஆனால் ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பள்ளத்தில், ஏரியலைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஸ்டீரியோவில் கேட்டால் கொழுப்பு வறுபடுகிற மாதிரி இரைய வேண்டும். இரையாமல் இருக்க வழியே கிடையாது. நீயோ அமைதி என்கிறாய்.

ஸ்பீக்கர் விஷயம் அப்புறம். முதலில் ஏரியலைத் திருப்பு. பிறகு மோனோ பொத்தானை அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்துப் பார். என்ன வித்தியாசம் என்று எனக்கு எழுது. அண்ணியையும் ஒன்னியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்.

உன் தங்கை
சைமா


அயன் ரிவர்
நவம்பர் 18, 1975

தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மான் வேட்டைதான் காரணம். பாதிச் சுரங்கம் காட்டில் கிடக்கிறது. நான் ஒன்றும் சுடவில்லை. ஒன்னி ஒரு மரத்தைச் சுட்டான். எல்லோரும் சுகம். லெம்பி, கறி வைத்துச் சுடுகிற பேஸ்ட்டியில் டர்னிப்புக்குப் பதிலாகக் கேரட்டைப் போட்டதால் இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது சமாதானம்.

ஏரியலைத் திருப்பிவிட்டேன். பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினாலும் பிரமாதம், எடுத்தாலும் பிரமாதம். நல்ல கம்பெனி, பொத்தானைக்கூட எவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறார்கள்! லெம்பிக்கு வேலை இருந்தது, அதனால் தனியாகத்தான் கேட்டேன்.

ஸ்பீக்கரில் மேல்சுருதிக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதாமே. அது செத்துப்போயிருக்கலாம் என்று தபால் ஆபீசில் ஒருவன் சொன்னான். அதை அனுப்ப முடியுமா? அதோடு தடித்த வயரும். வயரிலேயே பாதிச் சத்தம் போய்விடுகிறது என்கிறான்.

கம்பெனி மருத்துவச் சோதனை முடிந்தது. எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். காதிலும். நீ கேட்டாயே என்று சொல்கிறேன்.

வைனோ


மினியாபொலிஸ்
டிசம்பர் 1, 1975

அண்ணனுக்கு,

இங்கே எல்லாம் சுகம்தான், நான் ஒருத்தி தூங்காததைத் தவிர.

பொத்தானில் வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் சோதித்துத்தான் அனுப்பினேன். அதை அழுத்துகிறவன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். கடையில் தினமும் அந்த முகங்களைப் பார்க்கிறேன். சின்ன ஸ்பீக்கர் சாகவில்லை. வயர் எதையும் தின்னவில்லை. ஏரியலைத் திருப்பி வைத்திருந்தபோதே உனக்கு இரைச்சல் கேட்கவில்லை. என் வரிசையில் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, அண்ணா. மிச்சம் ஒன்றுதான்.

சோதனையில் எப்படித் தேறினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த மணி உனக்குக் கேட்கிறதா?

சைமா


மினியாபொலிஸ்
டிசம்பர் 27, 1975

அண்ணனுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். உன் முழங்கால் எப்படி, அண்ணி எப்படி, அங்கே எவ்வளவு பனி, எதுவும் தெரியவில்லை. திட்டியாவது எழுது.

சைமா


அயன் ரிவர்
ஜனவரி 11, 1976

அன்புள்ள சைமாவுக்கு லெம்பி எழுதுவது.

உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உன் டிசம்பர் கடிதத்தை உன் அண்ணன் அடுப்பில் போட்டார். பார்க்காத மாதிரி இருந்தேன். வாழ்த்து அட்டையைப் போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார்.

நீ அனுப்பிய பெட்டி முதல் நாளிலிருந்தே இரைகிறது. சமையலறையில் நின்றாலும் எனக்குக் கேட்கிறது. ஏரியலைத் திருப்பிய பிறகு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் இரைகிறது. அவர் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வாரப் பனிப்புயலில் அந்த நிலையம் பாதியில் நின்றுபோனது. பாட்டே இல்லை, வெறும் உஸ்ஸென்ற சத்தம். நான் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு தாளத்துக்குத் தலையாட்ட ஆரம்பித்தார். நான் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்புறம் கீழறையில் உட்கார்ந்து அழுதேன்.

பூட்ஸ் விஷயத்தை உனக்கு எப்படி எழுதினார் என்று தெரியாது. ஒன்னி நேற்றுத்தான் என்னிடம் சொன்னான். கீழே மூன்று மணி அடித்துவிட்டு ஒரு காலைக் கூண்டில் வைத்திருக்கிறான். மூன்று என்றால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். கூண்டு சட்டென்று கீழே இறங்கியிருக்கிறது. காலை உருவிக்கொண்டான். பூட்ஸ் போய்விட்டது. சுரங்கக் கேப்டனிடம் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்ததாகச் சொல்லிவிட்டான்.

"ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிக்கா சொல்றது? அவரு சோத்தத் தின்னுட்டு அவரு சோத்துல மண்ண அள்ளிப் போடவா?"

"அப்ப நாளைக்கும் அதே கூண்டுல எறங்குவியா?"

"எறங்கித்தானே ஆகணும்."

இன்றைக்கும் போயிருக்கிறான். இருவரும் டப்பாவில் ஒரே பேஸ்ட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சாயங்காலம் கதவு திறக்கிற வரைக்கும் நான் நடந்துகொண்டே இருக்கிறேன். நான் சொன்னால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது. நீ தூரத்தில் இருக்கிறாய். நீ எழுது. நான் எழுதியதைச் சொல்லாதே. இல்லை, சொன்னாலும் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லெம்பி


மினியாபொலிஸ்
ஜனவரி 16, 1976

அண்ணா,

இன்றைக்கு நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

அண்ணி எழுதினாள். அவளைக் கோபிக்காதே, என்னைக் கோபி. அக்டோபரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பொத்தானை அழுத்து, ஏரியலைத் திருப்பு என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீயாகவே சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். அதற்குள் எத்தனை முறை கூண்டு இறங்கியிருக்கும்!

உங்கள் சுரங்கக் கேப்டனின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உறையில் எழுதி ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். என் மேஜைமேல் ஒரு ட்யூனருக்கு அடியில் இருக்கிறது. உள்ளே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் ஆயுசுக்கும் நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய். எழுதாவிட்டால், ஒரு நாள் அண்ணி நடந்துகொண்டே இருப்பாள், கதவு திறக்காது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீதான் மூத்தவன். நீ சொல்.

சைமா


அயன் ரிவர்
பிப்ரவரி 1, 1976

தங்கச்சி சைமாவுக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. முதுகு நன்றாக இருக்கிறது. பல் நன்றாக இருக்கிறது. இனி எழுத வேறு உறுப்பு இல்லை.

மணி கேட்பதில்லை. இரண்டு வருடமாகவே அது மங்கிக்கொண்டு வந்தது. முதலில் கிணிங் என்றிருந்தது, டொக் ஆனது. இப்போது மோட்டார் ஓடும்போது டொக்கும் இல்லை. மணியை மாட்டியிருக்கிற இரும்புத் தகட்டில் இடது கையை வைத்துக்கொள்வேன். அடித்தால் தகடு அதிரும். உள்ளங்கையால் எண்ணுவேன். யாராவது வந்தால், குளிருக்குச் சாய்ந்து நிற்கிறவன் மாதிரி நிற்பேன். நான் வேடிக்கைப் பேச்சுப் பேசுகிறவன் இல்லையா, எப்படி நின்றாலும் அதுவும் ஒரு கோமாளித்தனம் என்றுதான் நினைப்பார்கள்.

ஒன்னி அன்றைக்கு மூன்றுதான் அடித்தான். எனக்குத் தும்மல் வந்தது. கை மூக்குக்குப் போய்விட்டது. இரண்டை எண்ணியிருந்தேன், மூன்றாவது மணி தும்மலில் போய்விட்டது, இரண்டு என்று இறக்கிவிட்டேன். ஒரு தும்மல், சைமா. அவனுக்குக் கால் இருப்பது என் திறமையால் இல்லை. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான்தான். உனக்கும் அப்படியே எழுதினேன்.

சோதனையில், எனக்குப் பின்னால் நின்று, சத்தம் கொடுக்கிற பொத்தானை அமுக்கும் நர்சின் விரல் எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது. விரல் அமுங்கினால் கையைத் தூக்கினேன். "உங்க வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல" என்று அந்தம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இந்தப் புத்தி இருந்திருந்தால் ஐந்தாம் வகுப்பையாவது தாண்டியிருப்பேன்.

ட்யூனரை ஏன் வாங்கினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கோளாறு பெட்டியில் இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன். அப்புறம் ஏரியலில் இருக்கட்டும், வயரில் இருக்கட்டும் என்று. இன்னும் எத்தனை சாமான் அனுப்பினாலும் ஒவ்வொன்றையும் மாட்டியிருப்பேன். நீ இரைச்சல் என்று எழுதியதைப் படித்த அன்று நாள் முழுக்கக் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டு அதைத் தேடினேன். கேட்டுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். இரைச்சலுக்காக வேண்டிக்கொண்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே இருக்கிறவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறுவார்கள். எனக்கு உலகத்தில் வேறு பெருமை கிடையாது. அதை எப்படி எழுந்து விட்டுவிட்டு வருவது? உன் உறையைத் தபாலில் போடு என்றும் எழுத வரவில்லை, போடாதே என்றும் வரவில்லை. இதோ ஒன்னி கீழேயிருந்து கத்துகிறான் போலிருக்கிறது. தரை அதிர்கிறது. காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

வைனோ


அயன் ரிவர்
பிப்ரவரி 3, 1976

சைமா அக்காவுக்கு ஒன்னி,

வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ரெண்டு கால், ரெண்டு பூட்ஸ், சுகமாக இருக்கிறேன்.

அத்தனை பேரும் நேற்று ஷிப்டு முடிந்து கூண்டில் நெருக்கி நின்றோம். மூன்று அடித்து ஏறினோம், தூக்கச் சொல்லி ஒன்று அடித்தோம். கூண்டு நகரவில்லை. மறுபடி அடித்தோம். நகரவில்லை.

"வைனோ தூங்கிட்டானா? ஏய் ஒன்னி, உங்க மச்சானுக்கு உங்கக்கா தலகாணியும் குடுத்தனுப்பினாளா?"

"எறங்கி ஏணியில ஏறுடா, உனக்கு யாரு வேணாம்னா?"

திட்டாத ஆள் இல்லை. நான் மட்டும் என் இடது பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மேலேயிருந்து ஃபோன் வந்தது. கூண்டு நகராது, வேறு ஆள் வருகிறான், எல்லோரும் இறங்கி நில்லுங்கள் என்று.

மேலே நடந்ததை அப்புறம் எண்ணெய் போடுகிறவன் சொன்னான். மச்சான் பிரேக்கைப் பூட்டினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். மணி அடிக்க அடிக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆள் அனுப்பிக் கேப்டனை வரவழைத்தார்.

"என்ன வைனோ, உடம்பு முடியலையா? லீவு வேணுமா?"

"வேணாம். காது வேணும். நான் கைய எடுத்துட்டா அந்த மணி எனக்கு இல்ல. ஒன்னியோட பூட்ஸ் போனது கயிறு அவுந்ததால இல்ல. நான் எறக்கினதால."

கேப்டன் மச்சானின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம்.

நாங்கள் மேலே வந்தபோது முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். திட்டினவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன்கூட ஒரு கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வீடு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். வாசலில் வந்து சொன்னேன், அவர் முகத்துக்கு நேராக நின்று, உரக்க:

"மச்சான், அந்த பூட்ஸ் புதுசு."

"எந்தக் கால்?"

"எடது."

"என்னோட எடது பூட்ஸ் தர்றேன். ஓட்ட இருக்கு. சாக்ஸ் ரெண்டு போட்டுக்க."

லெம்பி அக்கா உள்ளேயிருந்து கதவைத் திறந்தது. உங்கள் மேஜைமேல் ஏதோ உறை இருக்கிறதாமே, அதைக் கிழித்துவிடச் சொன்னார் மச்சான்.

ஒன்னி


மினியாபொலிஸ்
பிப்ரவரி 10, 1976

அண்ணா,

கிழித்துவிட்டேன். ஸ்டாம்பை மட்டும் ஆவி காட்டி எடுத்து இந்த உறைமேல் ஒட்டியிருக்கிறேன்.

எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இவ்வளவு பயத்தோடு நான் காத்திருந்ததில்லை. இன்றைக்குப் பயமில்லை. எல்லாவற்றையும் எழுது.

சைமா


அயன் ரிவர்
மே 9, 1976

தங்கச்சி சைமாவுக்கு,

மூன்று மாதம் எழுதாததற்கு மன்னித்துவிடு. நன்றாக இல்லை. நன்றாக இல்லை என்று எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. இப்போது கொஞ்சம் தேவலை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆட்கள் உடை மாற்றுகிற கொட்டகையில் தரை துடைக்கிறேன். சிவப்புச் சேறு. துடைக்கத் துடைக்க அடுத்த ஷிப்டு அதையே கொண்டுவந்து போடுகிறது. என் நாற்காலியில் ஒரு இளவட்டம் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன். முதல் மாதம் அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். கூண்டு போகிற நேரத்தில் இடது கை தானாகச் சுவரைத் தேடுகிறது. என்ன செய்வது, அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏப்ரலில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் வந்தது. டாக்டர் மாட்டிவிட்டார். வெளியே வந்தேன். என் சட்டை சரசரக்கிறது, சைமா! லெம்பியின் செருப்பு கீச்சிடுகிறது. ஒன்னி சாப்பிடுகிற சத்தம், அதை விவரிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உன் ட்யூனரைப் போட்டேன்.

"யாரது கொழுப்பு வறுக்கிறது?" என்றேன்.

"அது ஏழு மாசமா வறுபடுது," என்றாள் லெம்பி.

இது என்ன பெட்டி, தங்கச்சி? இதைப் போய் எப்படி விற்கிறீர்கள்? அடைமழை தகரத்தில் பெய்கிற மாதிரி இரைகிறது. அந்தக் கடையில் மனசாட்சி உள்ளவர்கள் யாருமே இல்லையா? நான் அப்படியே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். லெம்பி வந்து மோனோ பொத்தானை அழுத்தப் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் அவளே அழுத்தினாள். வயலின்காரன் மெத்தையை விட்டு எழுந்து வந்தான். அவனுக்கு வில்லில் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது. பாவம்.

எல்லோரும் சுகம். உன் சுகத்தை எழுது. கடையில் எல்லோருக்கும் என் புகாரைச் சொல்.

வேறு ஒரு காது மிஷினுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். நேற்றுச் சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் சூடு பட்டால் கெட்டுவிடும் என்று அதைக் கழற்றிப் பத்திரமாகத் தண்ணீர்க் கரண்டிக்குள் வைத்தேன். பிறகு வழக்கம்போல் கரண்டியில் தண்ணீரை மொண்டு கொதிக்கிற கல்லின்மேல் ஊற்றினேன். நடுவில் லெம்பி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

வைனோ